மோசமான அந்த 2 கிலோமீட்டர்: கரடுமுரடு ஸ்டேஷன் வேகனும் ஃபோர்வீல் ஜீப்பும்

சிறுமலை அடிவாரத்தில் தோப்பு, மேலூர்ப் பக்கம் கம்மாய்க் கரையைத் தாண்டி வயல், மேகமலையில் எஸ்டேட் வேலை. இப்படித் தார் ரோடு முடிந்த பிறகும் போகவேண்டிய இடம் இருப்பவர்கள் வண்டி பார்க்கும்போது முதலில் கேட்பது கிரவுண்ட் கிளியரன்ஸ் (வண்டியின் அடிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி) எவ்வளவு என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கேட்க வேண்டியது. முதல் கேள்வி இது: உங்கள் வழியில் மிக மோசமான 2 கிலோமீட்டர் எது, ஐப்பசி கார்த்திகை மழையில் அது என்ன கதியாகிறது? மதுரையிலிருந்து திண்டுக்கல் வரை நான்குவழிச் சாலையில் எந்த வண்டியும் போய்விடும். கடைசி 2 கிலோமீட்டருக்கு எது தாங்கும் என்பதில்தான் இரண்டு வகை வண்டிகள் பிரிகின்றன.

முதல் வகை எல்லோருக்கும் தெரிந்த ஜீப் வம்சம். 1940களின் கடைசியில் மஹிந்திரா இங்கே பொருத்தி விற்கத் தொடங்கிய வில்லிஸ் ஜீப், அதே பாணியில் வந்த மஹிந்திரா தார், கூர்க்கா, ஜிம்னி, ஃபார்ச்சூனர் ஆகியவை இதில் சேரும். இரண்டாவது வகை, காரின் உடம்பை நீளமாக்கி, டிக்கியை உயரக் கூரையோடு சேர்த்து, சற்றே தூக்கி நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்த ஸ்டேஷன் வேகன். அமெரிக்காவில் ஏ.எம்.சி. ஈகிள் 1980 மாடலாக இந்த வழியைத் திறந்தது. 1990களின் நடுவில் சுபாரு அவுட்பேக் வந்து இதை ஒரு தனி இனமாகவே ஆக்கியது. வால்வோ கிராஸ் கன்ட்ரி, ஆடி ஆல்ரோடு எல்லாம் அதன் பின்னால் வந்தவை.

நம் ஊரில் இந்த வேகன்கள் அரிது. சுபாரு இந்தியாவில் விற்பனையில் இல்லை. வால்வோ வி90 கிராஸ் கன்ட்ரி 2017லும் மெர்சிடிஸ் இ-கிளாஸ் ஆல்-டெர்ரெய்ன் 2018லும் வந்தன, விலையால் சிலருக்கு மட்டுமே எட்டின. முன்பு ஓடிய டாடா எஸ்டேட், இண்டிகோ மரீனா ஆகியவை உருவத்தில் வேகன்கள்தான், இழுவை இரண்டு சக்கரத்துக்கு மட்டுமே. ஆனால் அவுட்பேக்கின் உள்ளே இருப்பதைப் போன்ற அமைப்பு நம்மிடம் வேறு உருவத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2014ல் வந்த டஸ்டர் ஆல்வீல் டிரைவ், கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப், ஃபோர்வீல் உள்ள காம்பஸ் எல்லாம் சேஸிஸ் தனியாக இல்லாத, கார் போலக் கட்டப்பட்ட வண்டிகள். வேகனைப் பற்றிக் கீழே சொல்வதில் பெரும்பகுதி இவற்றுக்கும் பொருந்தும்.

சேஸிஸ் எங்கே இருக்கிறது?

ஜீப் வகையின் அடியில் குனிந்து பாருங்கள். முன்னிருந்து பின்வரை இரண்டு தடித்த இரும்பு நீளங்கள், குறுக்கே சில இணைப்புகள். எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் எல்லாம் அதில்தான் பொருத்தியிருக்கும். மேலே உள்ள பாடி தனி. ரப்பர் புஷ் வைத்துப் போல்ட் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். பழைய கூண்டு வண்டியில் பாரும் அச்சும் சுமையைத் தாங்க, கூண்டு மேலே உட்கார்ந்திருக்குமே, கிட்டத்தட்ட அதே ஏற்பாடு. ஒரு சக்கரம் பாறை மேல், எதிர்மூலைச் சக்கரம் பள்ளத்தில் என்று வண்டி முறுகும்போது அந்த முறுக்கைச் சேஸிஸ் வாங்கிக்கொள்கிறது. பாடிக்கு ரப்பர் வழியாகக் கொஞ்சம்தான் போய்ச் சேரும்.

வேகனில் தனிச் சேஸிஸ் கிடையாது. தரைத் தகடு, தூண்கள், கூரை எல்லாம் வெல்ட் ஆகி ஒரே கூடாக நிற்கும். அந்தக் கூடுதான் எல்லாச் சுமையையும் தாங்குகிறது. இதை மோனோகாக் என்பார்கள். எடை குறைகிறது, மோதலில் நொறுங்கவேண்டிய இடம் கணக்காக நொறுங்குகிறது, வண்டி தாழ்வாக உட்கார்கிறது, கொண்டை ஊசி வளைவில் சாய்வது குறைகிறது. சிறுமலையின் 18 வளைவுகளைக் குடும்பத்தோடு ஏறி இறங்கினால் பின்சீட்டில் இருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். நாலுவழிச் சாலையில் திடீரென்று மாடு குறுக்கே வந்து ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டி வந்தாலும் தாழ்ந்த வண்டிதான் பாதுகாப்பு. உயரமான வண்டி அந்த ஒடிப்பில் கவிழும் வாய்ப்பு கூடுதல். வருடத்தில் முக்கால்வாசி ஓட்டம் ரோட்டில்தான் என்பவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மோனோகாக் பலவீனமானது என்று ஒரு பேச்சு உண்டு, அது அப்படியே உண்மையல்ல. குழி விழுந்த ரோட்டிலும் மண் ரோட்டிலும் அது வருடக்கணக்கில் ஓடும். திரும்பத் திரும்ப முழு முறுக்கு வாங்கும் பாதையில்தான் அதற்குப் பிரச்சினை. கதவு இடுக்கில் கிரீச் சத்தம், டிக்கிக் கதவு ஒரு பக்கம் உரசி மூடுவது, முன் கண்ணாடியில் ஓரத்திலிருந்து கிளம்பும் விரிசல் என்று அது மெதுவாகக் காட்டும். வளைந்த சேஸிஸை நிமிர்த்தப் பட்டறை உண்டு. முறுகிப்போன கூட்டை முழுதாகச் சரிசெய்வது கடினம், செலவும் பெரிது.

இழுவை: இங்கேதான் உண்மையான வேறுபாடு

நாலு சக்கரமும் இழுக்கும் என்றால் இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை.

ஜீப் வகையில் கியர்பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற இன்னொரு பெட்டி இருக்கும். சாதாரண நாளில் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும். லீவரை 4எச் (சாதாரண வேகத்தில் நாலு சக்கர இழுவை) நிலைக்குத் தள்ளினால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் பல்லோடு பல்லாகப் பூட்டிக்கொள்ளும். இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். மண்ணில் இது வரம். காய்ந்த தார் ரோட்டில் இதுவே கேடு. திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிகத் தூரம் ஓடவேண்டும், பூட்டு அதை விடாது. மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கிக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் வழுக்க முடியாமல் ஷாஃப்ட் முறுகி, ஸ்டியரிங் கனத்து, கடைசியில் யூனிவர்சல் ஜாயிண்டோ டிரான்ஸ்ஃபர் கேஸ் செயினோ போகும். மழை பெய்கிறது என்று மதுரை டவுனுக்குள் 4எச் போட்டு ஓட்டக் கூடாது என்பது இதனால்தான். ரோட்டில் தண்ணீர் இருந்தாலும் தார் பிடிக்கத்தான் செய்யும்.

அதே பெட்டியில் 4எல் என்ற இன்னொரு நிலை, அதாவது குறை கியர், உண்டு. இந்த ஒன்றுக்காகத்தான் ஜீப்பை வாங்க வேண்டும், வேறு எதற்காகவும் அல்ல என்பது எங்கள் உறுதியான கருத்து. மஹிந்திரா தார் வண்டியில் இந்தக் குறை கியரின் விகிதம் 2.48. முதல் கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் மணிக்கு 7.5 கிலோமீட்டரில் ஊரும் ஒரு வண்டி, இந்த விகிதத்தில் 3 கிலோமீட்டரில் ஊரும். சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை அதே 2.48 மடங்கு கூடும். ஏறுவதைவிட இறங்குவதில் இதன் அருமை தெரியும். சரளைக் கல் கொட்டிய செங்குத்தில் பிரேக்கைத் தொடாமல் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தி இறக்கும். பிரேக் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு கல்லோடு கல்லாக வழுக்கும் இடம் அது.

வேகனில் 4எல் கிடையாது, அல்லது மிக அரிது. சுபாரு அவுட்பேக்கில் காட்டுவழிக்கென்றே வில்டர்னஸ் என்ற வகையை 2022 மாடலாக விட்டார்கள். அதில் சக்கரத்துக்குப் போகும் கடைசி கியர் விகிதத்தை 4.11லிருந்து 4.44 ஆக்கினார்கள். கணக்குப் போட்டால் 8 சதவீதம்தான் கூடுகிறது. தாரின் 4எல் கொடுப்பதோ 148 சதவீதம். டஸ்டர் ஆல்வீலில் இதற்கு வேறு வழி செய்திருந்தார்கள். முதல் கியரையே வேண்டுமென்று குட்டையாக வைத்து, ரோட்டில் இரண்டாவதில் கிளம்பச் செய்தார்கள். புத்திசாலித்தனமான ஏற்பாடு, பாதி வேலையைச் செய்யும்.

இன்னொன்று, வேகனில் முன்னும் பின்னும் பல்லால் பூட்டுவதில்லை. இடையில் பல தகடுகள் கொண்ட ஒரு கிளட்ச் இருக்கும். முன்சக்கரம் வழுக்குவதைக் கம்ப்யூட்டர் பார்த்து, தகடுகளை அழுத்திப் பின்சக்கரத்துக்கு விசையை அனுப்பும். தார் ரோடானாலும் மழையானாலும் ஓட்டுபவர் எதையும் தொட வேண்டாம். திடீர் மழையில் ஆண்டிபட்டிக் கணவாயில் வளையும்போது இது ஜீப்பின் பார்ட்-டைம் ஏற்பாட்டைவிட எவ்வளவோ மேல். ஆனால் கிளட்ச் தகடு உரசினால் சூடாகும். ஆழ்மணலில் ஐந்து நிமிடம் விடாமல் சுழற்றினால் சூடு எல்லை மீறி, கம்ப்யூட்டர் பின்சக்கர விசையைத் துண்டித்துவிடும். டாஷ்போர்டில் ஒரு விளக்கு எரியும், வண்டி முன்சக்கர வண்டியாகிவிடும். பெல்ட்டில் ஓடும் சி.வி.டி. கியர்பாக்ஸ் என்றால் அதுவும் சூடாகி இழுப்பைக் குறைக்கும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு 15, 20 நிமிடம் ஆறவிடுங்கள். "இன்னும் ஒரு தடவை மிதிச்சா வந்துரும்" என்பவர் பேச்சைக் கேட்டால் கிளட்ச் கருகும்.

ஆல்வீல் வண்டிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய டயர்க் கணக்கும் ஒன்று உண்டு. சுபாரு நான்கு டயர்களின் சுற்றளவிலும் கால் அங்குலத்துக்கு மேல், அதாவது சுமார் 6 மி.மீ.க்கு மேல், வேறுபாடு கூடாது என்கிறது. டயர் பட்டனில் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடுகளில்) 1 மி.மீ. தேய்ந்தாலே சுற்றளவில் 6 மி.மீ. குறைந்துவிடும். 8 மி.மீ. பட்டனோடு வந்த டயர்கள் 5 மி.மீ.க்குத் தேய்ந்திருக்கும்போது ஒன்று வெடித்து, அதற்குப் புதியதைப் போட்டால் வித்தியாசம் சுமார் 19 மி.மீ. இரண்டு அச்சும் ஓயாமல் வேறு வேறு வேகத்தில் சுற்ற, நடுக் கிளட்ச் ரோட்டிலேயே உரசிக்கொண்டிருக்கும். அதனால் ஸ்டெப்னியும் அதே அளவு டயராக இருந்தால் ஐந்தையும் சுழற்சியில் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். வெடிக்கும் நாளில் கையில் அதே தேய்மானத்தோடு ஒன்று இருக்கும். மாற்றும்போது நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும், அதைச் செலவில் இப்போதே எழுதிவையுங்கள். ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால் எவ்வளவு தூரம், என்ன வேகம் என்பதைக் கையேட்டில் பாருங்கள்.

ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால்

இரு பக்கச் சக்கரங்களுக்கும் நடுவே உள்ள டிஃப்ரன்ஷியலை நம் மெக்கானிக்குகள் கிரவுன் என்பார்கள். வளைவில் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்றுவதற்காக அது இருக்கிறது. அதன் குணம், எந்தப் பக்கம் எளிதாகச் சுற்றுகிறதோ அந்தப் பக்கமே சுழற்சியைக் கொட்டுவது. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அது விர்ரென்று சுற்றும், தரையில் நிற்பது அசையாது. முன்னும் பின்னும் எதிரெதிர் மூலைகள் தொங்கினால் நாலுவீல் வண்டியும் நின்ற இடத்தில் நிற்கும்.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, சக்கரத்தைத் தரையிலிருந்து எழவிடாத சஸ்பென்ஷன். ஜிம்னியில் முன்னும் பின்னும் முழுக் கட்டை ஆக்ஸில். ஒரு முனை மேலே போனால் மறுமுனை கீழே அழுந்தித் தரையைத் தேடும். வேகனில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனி, ஓடும் தூரமும் குறைவு. சீக்கிரமே ஒரு கால் தூக்கிவிடும். இரண்டாவது மருந்து பூட்டு. கூர்க்காவில் முன், பின் இரண்டு கிரவுனையும் கையால் பூட்டலாம். வேகன்கள் பிரேக்கைக் கொண்டு சமாளிக்கின்றன. வெறுமனே சுற்றும் சக்கரத்தைக் கம்ப்யூட்டர் பிடித்து நிறுத்த, விசை மறுபக்கம் போகும். நன்றாகவே வேலை செய்யும், ஆனால் அதற்குச் சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றியாக வேண்டும். பலர் சக்கரம் சுற்றியதும் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். சீராக மிதித்துக்கொண்டே இரண்டு மூன்று விநாடி பொறுத்தால் 'கிர் கிர்' என்ற சத்தத்தோடு பிரேக் பிடித்து வண்டி ஏறும்.

உயரமும் கோணமும்

இப்போது கிரவுண்ட் கிளியரன்ஸுக்கு வரலாம். தார் 226 மி.மீ., ஐந்து கதவு ஜிம்னி 210, சாதாரண அவுட்பேக் சுமார் 220, வில்டர்னஸ் 241. எண்ணில் வேகன் ஜெயிக்கிறது! ஆனால் அளக்கும் இடம் வேறு. கட்டை ஆக்ஸில் வண்டியில் மிகத் தாழ்ந்த இடம் கிரவுன் உருண்டை. ஐந்து பேரும் நாலு உர மூட்டையும் ஏறினாலும் அது தரையிலிருந்து அதே உயரத்தில்தான் நிற்கும், ஏனென்றால் அது சக்கரத்தோடு சேர்ந்தது. வேகனில் தாழ்ந்த இடம் பாடியோடு சேர்ந்தது. சுமை ஏற ஏற அது இறங்கும். அதனால் வேகனை உங்கள் வழக்கமான சுமையோடு நிறுத்தி, எஞ்சின் சம்ப் (ஆயில் தங்கும் அடித்தட்டு), சைலன்சர் குழாய், முன் பம்பர் உதடு ஆகிய மூன்றையும் டேப்பால் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஷோரூம் தாளில் இருப்பதைவிட அந்த எண்தான் உங்கள் எண்.

கோணம் இன்னும் முக்கியம். முன் பம்பர் முட்டாமல் எவ்வளவு செங்குத்தில் சக்கரம் ஏறும் என்பது அணுகு கோணம். சாதாரண அவுட்பேக்குக்கு 18.6 டிகிரி, வில்டர்னஸுக்கு 20, தாருக்கு 41க்கு மேல். டிகிரியைத் தரையில் இப்படிப் பாருங்கள். ஐந்தரை அடி நீளத்துக்கு 2 அடி எழும் சரிவு 20 டிகிரி. 2 அடிக்கு 1 அடி எழுந்தால் 26 டிகிரிக்கு மேல். ஓடையில் இறங்கும் வண்டிப்பாதை, கம்மாய்க் கரை ஏறும் இடம், வரப்பை வெட்டிப் போட்ட வழி மூன்றிலும் ஒரு கயிறும் டேப்பும் வைத்து அளந்தால் போதும். 26 வந்தால் வேகன் மூக்கை இடிக்கும். ஒரு நாள் ஜே.சி.பி. வைத்து அந்த இடத்தைச் சரித்துவிடுவது வண்டியை மாற்றுவதைவிட மலிவு என்று பலருக்குத் தோன்றுவதில்லை. கரை பொதுச்சொத்து என்றால் மட்டும் அதைத் தொடக் கூடாது.

கரை உச்சியில் வயிறு தட்டி ஊஞ்சலாக நின்றுவிடுவது தனிப் பிரச்சினை. முன்பின் சக்கர இடைவெளி அதிகமாக அதிகமாக இது கூடும். நீளமான வேகனுக்கு இது இயற்கையான குறை. உச்சியை நேராகத் தாண்டாமல் சற்று சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றினால் சில அங்குலம் கிடைக்கும்.

நம்ம மண்ணுக்கு எது?

செம்மண் நத்தம், மேலூர்ப் பக்கம். காய்ந்திருந்தால் கார்கூடப் போகும். மழையில் மேலே மட்டும் சேறாகி அடியில் கெட்டியாக இருக்கும். ஆல்வீல் வேகனும் ஆல்-டெர்ரெய்ன் டயரும் இருந்தால் தாராளம்.

கரிசல் வேறு விஷயம். திருமங்கலம் தாண்டி விருதுநகர், அருப்புக்கோட்டை வரை போகும் கருமண்ணில் களி அதிகம். தண்ணீரை உறிஞ்சி ஊதும், டயர் பட்டனுக்குள் அப்பி வழவழவென்று ஆக்கிவிடும். பிறகு எந்த டயரும் மொழுக்கை டயர்தான். வேகனில் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடைவெளி குறைவு. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரில் களி அடைத்துச் சக்கரத்தையே பிடித்துக்கொள்ளும், லைனரைக் கிழித்தும் போடும். ஜீப்புக்கு இடைவெளி உண்டு, அகன்ற பள்ளங்கள் உள்ள மட்-டெர்ரெய்ன் டயர் போட்டால் சுழற்சியில் களியை வீசியெறியும். ஆனாலும் ஊறிய கரிசலில் ஜீப்பும் பக்கவாட்டில் நழுவி வரப்பில் சாயும். மழை விட்டு மேல்மண் இறுகும்வரை பொறுப்பதே சரி. அவசரம் இருந்தால் இரண்டாவது கியரில் சீரான வேகத்தில் நிற்காமல் போங்கள், ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள்.

மணலுக்கு வண்டியைவிடக் காற்றுதான் முக்கியம். தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு 2017ல் ரோடு திறக்கும்வரை வேன்களும் ஜீப்புகளும்தான் மணலில் ஆட்களை ஏற்றிப் போயின. இன்று அங்கே தேவை இல்லை, ஆனால் வைகைக் கரையோரத் தோப்புகளுக்கும் தேரிக்காட்டுப் பக்கத்துக்கும் மணல் தெரிந்திருக்க வேண்டும். ரோட்டில் 32 பி.எஸ்.ஐ. இருக்கும் டயரை 18க்கு இறக்குங்கள். டயர் நீளவாக்கில் பரந்து மணல் மேல் மிதக்கும். 15க்குக் கீழே போனால் திருப்பும்போது டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடலாம். பிரேக் அடிக்காமல், காலை எடுத்துத் தானாக நிற்கவிடுங்கள். பிரேக் அடித்தால் டயருக்கு முன்னால் மணல் மேடு கட்டிவிடும். டிராக்ஷன் கன்ட்ரோல் சக்கரம் வழுக்கினாலே எஞ்சின் சக்தியைக் குறைத்துவிடும் என்பதால் அதை அணைத்து வையுங்கள். ரோட்டுக்கு வந்ததும் கண்டிப்பாக மறுபடி காற்று ஏற்ற வேண்டும், குறைந்த காற்றில் நாலுவழிச் சாலையில் ஓடினால் டயர் சூடாகி வெடிக்கும். சிகரெட் லைட்டரில் மாட்டும் சிறிய கம்ப்ரஸரும் ஒரு கேஜும் வண்டியிலேயே இருக்கட்டும்.

காற்றை இறக்க டயரின் பக்கச் சுவர் உயரமாக இருக்க வேண்டும். தாரின் 255/65 ஆர்18 டயரில் அது சுமார் 166 மி.மீ. அவுட்பேக் வில்டர்னஸின் 225/65 ஆர்17ல் 146. அழகுக்காகப் போடும் 235/50 ஆர்19ல் 117தான், ஒரு கூர்க்கல் போதும், ரிம் வளையும். வேகன் வகை வாங்கினால் பெரிய அலாய் உள்ள மேல் வேரியண்டைவிடச் சிறிய ரிம் உள்ள வேரியண்ட் மண்ணுக்கு நல்லது.

மலைப்பாதைகளில் சின்னமனூரிலிருந்து மேகமலை ஏறும் 18 வளைவுகளுக்கு வேகன் போதும், அதற்கு மேலே மகாராஜாமெட்டுப் பக்கம் கல் பரப்பிய எஸ்டேட் ரோட்டில் ஜீப்தான் நிம்மதி. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு உள்ளூர் ஜீப்புகள் மட்டும் ஓடுவதற்குக் காரணம் அந்தப் பாறைப்படிகள். 4எல் இல்லாமல் அங்கே கிளட்ச்சைப் பாதி மிதித்தே ஏற்ற வேண்டிவரும், பாதி வழியில் புகை நாற்றம் வந்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் பகுதி 2021 முதல் புலிகள் காப்பகம். எந்த வண்டியாக இருந்தாலும் அனுமதித்த ரோட்டை விட்டுக் காட்டுக்குள் இறக்குவது குற்றம், காட்டுக்கும் கேடு.

தண்ணீரில் வேகன் தோற்கும் வேகம் அதிகம். தாரின் நீர் எல்லை 650 மி.மீ., கூர்க்காவுக்கு 700. வேகன் கையேட்டில் எண் இல்லையென்றால் சக்கரத்தின் மையத்தை எட்டக் கூடாது என்று வையுங்கள், அது 35 செ.மீ. அளவில் இருக்கும். காற்றிழுக்கும் குழாய் வாய் பல கார்களில் முன் கிரில்லுக்குப் பின்னால் தாழ்வாக இருக்கும். ரயில்வே சுரங்கப்பாதையில் எதிரே வரும் பஸ் எழுப்பும் அலை அதற்குள் புகுந்தால் போதும், சிலிண்டருக்குள் தண்ணீர் அமுங்காமல் கனெக்டிங் ராடு வளையும். எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி சாவி போடாதீர்கள். தள்ளி வெளியே எடுத்து மெக்கானிக்கை அழையுங்கள். ஓடும் வெள்ளத்தில் இந்த எண்கள் எதுவும் செல்லாது. ஒரு அடி ஆழ ஓட்டமே சிறிய காரை நகர்த்தும், இரண்டு அடி ஜீப்பையும் இழுத்துக்கொண்டு போகும். ஓடைத் தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் நின்றுவிடுங்கள்.

சிக்கினால் எடுக்கும் விதம்

ஜீப்பின் கொக்கி சேஸிஸில் போல்ட் போட்டது, இன்னொரு வண்டி இழுத்தால் தாங்கும். வேகனின் பம்பரில் மூடியைத் திறந்து திருகும் கொக்கி, ரோட்டில் நேராக, மெதுவாக இழுத்துப் போவதற்கானது. சேற்றில் புதைந்த வண்டியை டிராக்டர் கட்டி வெடுக்கென்று இழுத்தால் அது பிய்ந்து கண்ணாடியை உடைத்துக்கொண்டு பறக்கும், ஆள் போய்விடும். முதலில் மண்வெட்டியால் நான்கு சக்கரத்துக்கு முன்னும் வெட்டுங்கள், வயிற்றுக்கு அடியில் உள்ள மண்ணை எடுங்கள், காற்றைக் குறையுங்கள், தென்னை மட்டையோ பலகையோ சாக்கோ அடியில் கொடுங்கள். பிறகுதான் கயிறு, அதுவும் தொய்வில்லாமல் கட்டி மெதுவாக. சுற்றி நிற்பவர்கள் கயிற்று நீளத்துக்கும் ஒன்றரை மடங்கு தள்ளி நிற்க வேண்டும். ஜாக்கிக்கு அடியில் ஒன்றரை அங்குலத் தடிப்பில் ஓர் அடிப் பலகை இல்லையென்றால் அது மண்ணுக்குள்தான் இறங்கும். ஆல்வீல் வண்டியைக் கிரேன் இரண்டு சக்கரம் தூக்கி இழுத்துப் போக விடாதீர்கள். தரையில் உருளும் இரண்டு சக்கரமும் நடுக் கிளட்ச்சைச் சுற்றிக் கருக்கும். பிளாட்பெட் லாரிதான் கேட்க வேண்டும்.

வேகன் வாங்குபவர் முதலில் போட வேண்டிய கூடுதல் பொருள் சம்ப்புக்கு அடியில் ஓர் இரும்பு அல்லது அலுமினியத் தகடு. கம்பெனி கொடுக்கும் கருப்புப் பிளாஸ்டிக் தட்டு காற்றோட்டத்துக்கானது, கல்லுக்கு அல்ல. தகட்டில் ஆயில் வடிக்கும் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு சர்வீஸிலும் கழற்ற வேண்டும். மாதம் ஒருமுறை சக்கரத்தின் உட்பக்கம் டார்ச் அடித்து ஆக்ஸில் ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறையைப் பாருங்கள். வேலி முள் குத்திக் கிழிந்தால் கிரீஸ் வெளியேறி மண் உள்ளே போகும். அப்போதே ரப்பரை மாற்றினால் சில்லறைச் செலவு, திருப்பும்போது 'டக் டக்' சத்தம் வந்தபிறகு ஜாயிண்டையே மாற்ற வேண்டும்.

பழைய ஜீப் வாங்குவதானால் முதலில் அடியில் படுத்து முன் ஷாஃப்ட் இருக்கிறதா என்று பாருங்கள். மைலேஜுக்காகக் கழற்றி எங்கோ போட்டுவிட்ட வண்டிகள் உண்டு. லீவர் மட்டும் நிற்கும். ஷாஃப்ட் இருந்தால் உழுத நிலத்திலோ மணலிலோ 4எல் போட்டு ஓட்டிப் பாருங்கள், தார் ரோட்டில் வேண்டாம். முன்சக்கர நடுவில் திருகும் பூட்டு உள்ள பழைய மாடல் என்றால், இரண்டு பக்கமும் பூட்டிய பிறகுதான் முன்சக்கரம் இழுக்கும். சேஸிஸில் பின் ஸ்பிரிங் பிடிக்கும் இடத்தைச் சுத்தியலால் தட்டுங்கள், கணீரென்று கேட்டால் நல்லது, பொத்தென்று கேட்டால் உள்ளே துரு. கிரவுன் பிளக்கைத் திறந்து விரலை விட்டு ஆயிலைப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்த வண்டி. சூடான கிரவுன் குளிர்ந்த ஓடையில் இறங்கும்போது அடைத்துப்போன பிரீதர் (காற்று போய்வரும்) குழாய் வழியே காற்றை இழுக்க முடியாமல் சீல் வழியே தண்ணீரை இழுத்திருக்கும். ஆயில், சீல், பிரீதர் மூன்றையும் மாற்றும் செலவையும், பேரிங் தேய்ந்திருந்தால் அதையும் விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.